கூவத்துப் பச்சைக்குள் எட்டிப் பார்க்கலாம் வாங்க!

திருவேற்காட்டுக்குக் கருமாரியம்மனைப் பார்க்க வருகிறவர்களில் பலர் கூவம் ஆற்றைத் தாண்டித்தான் வருகிறார்கள், பெரும்பாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு. அடுத்த முறை ஒரு நிமிடம் நில்லுங்கள். கரையோரக் கல்லில் பச்சையாக வழுவழுவென்று ஒட்டியிருக்கிறதே, அந்தப் பாசியைப் பாருங்கள். அதற்குள் நடக்கிற வேலையை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் எந்தக் குளத்துப் பச்சையையும் சும்மா கடந்துபோக மனசு வராது!

பார்ப்பதற்கு லட்ச ரூபாய் மைக்ராஸ்கோப் தேவையில்லை. ஐஐடி கான்பூரில் படித்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் மனு பிரகாஷும் அவருடைய குழுவினரும் 2014-இல் ஃபோல்ட்ஸ்கோப்பை உலகுக்குக் காட்டினார்கள். காகிதத்தை மடித்து, கடுகளவு லென்ஸைச் செருகினால் மைக்ராஸ்கோப் தயார். இப்போது பரவலாகக் கிடைக்கிற வகை சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், சட்டைப் பையில் அடங்கிவிடும். இதைப் பெருமளவில் தயாரிக்கப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2016-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 8,000-க்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, 3,90,000 டாலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்ற நம் தெருக்களில் வீடு வீடாக வசூல் செய்கிறோமே, அதே வழிதான்!

சரி, துளிக்குள் போவோம். கண்ணாடிச் சில்லில் பாசித் தண்ணீர் ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினால், முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஆஸிலடோரியா. நீலப்பச்சை இழை. அது அசையும்! காற்றும் இல்லை, ஓட்டமும் இல்லை, தானாகவே மெல்ல ஊசலாடும். பக்கத்தில் நான்கு செல்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிற செனடெஸ்மஸ். முன்பக்கத்துச் சாட்டை இழையைச் சுழற்றி நீந்துகிற யூக்ளினா. சிறு பச்சைப் புள்ளியாகக் குளோரெல்லா. இவை அழகுக்காக மட்டும் அங்கே இல்லை. அமெரிக்க ஆய்வாளர் பால்மர் 1969-இல், கழிவு மிகுந்த நீரைத் தாங்கி வாழும் பாசிகளை வரிசைப்படுத்தினார். முதலிடம் யூக்ளினாவுக்கு, அடுத்தது ஆஸிலடோரியாவுக்கு. செனடெஸ்மஸும் குளோரெல்லாவும் அதே பட்டியலின் முன்வரிசையில் இருக்கின்றன. ஆகவே எந்தப் பாசி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினாலே தண்ணீரின் கதை பாதி தெரிந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யக்கூடிய ஆய்வு இது.

ஆனால் எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி தந்தது அடுத்த விஷயம்தான். சாக்கடையில் பாக்டீரியா கழிவைத் தின்னும், அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களில் மின்சாரம் செலவழித்துக் காற்றை உள்ளே ஊதுவது இதற்காகத்தான். பாசி அந்த ஆக்ஸிஜனை வெயிலை மட்டும் வைத்துக்கொண்டு தயாரித்துக் கொடுக்கிறது. பாக்டீரியா வெளியிடும் கரியமில வாயுவையும், கழிவிலிருந்து பிரியும் நைட்ரஜன், பாஸ்பரஸையும் எடுத்துக்கொண்டு தான் வளர்கிறது. 1950-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் ஆஸ்வால்ட் இந்தக் கொடுக்கல் வாங்கலை வைத்தே ஆழமில்லாத பாசிக் குளங்களை வடிவமைத்தார். நல்ல வெயிலில் அப்படிப்பட்ட குளத்தில் ஆக்ஸிஜன் தண்ணீர் தாங்கும் அளவையும் மிஞ்சிவிடும். காரத்தன்மை ஏறும், கிருமிகள் பலவற்றுக்கு அது ஆகாது. வெயிலுக்குக் குறைவே இல்லாத நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வேலைக்காரர் யார்?

பெர்க்லிவரை போக வேண்டியதும் இல்லை. இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னைக்காரர், 1932-இல் ஃப்ரிட்ஷியெல்லா என்ற புதிய பாசி இனத்தை உலகுக்கு அறிவித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-இல் வெளியிட்ட பெரிய நூலை இன்றும் மேசையில் வைத்துக்கொண்டுதான் ஆய்வாளர்கள் இனம் காண்கிறார்கள். அந்த மரபில் வந்தவர் மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியின் வி. சிவசுப்பிரமணியன். ராணிப்பேட்டையில், கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் ஒரு தொழிற்சாலையின் அமிலக் கழிவுநீரில் 2006-இல் அவருடைய குழு குரோகாக்கஸ் என்ற நுண்பாசியை இறக்கியது. அமிலத்தை முறிக்கக் காரத்தைக் கொட்டுவதும், பிறகு சேறு அள்ளுவதும் வழக்கமான வழி. இங்கே பாசி வளர வளர அமிலம் தணிந்தது, சேறும் குறைந்தது. நமக்கு இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் நடந்த காரியம் இது!

திரைக்குப் பின்னால் இருக்கிற கடினமான வேலையையும் சொல்லிவிடுகிறேன். பாசியை வளர்ப்பது சுலபம், அறுவடைதான் பாடு. குளோரெல்லாவின் ஒரு செல் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. வடிகட்டியில் நிற்காது, சீக்கிரம் அடியில் படியவும் படியாது. எடுக்காமல் விட்டால் செத்து அழுகி, விழுங்கியதையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். உலோகக் கழிவை உறிஞ்சிய பாசியை உரமாகவும் போட முடியாது. இதனால்தான் பாசியைக் குளத்தில் கொட்டிவிட்டால் போதும் என்று விற்கிறவர்களை நான் நம்புவதில்லை. நீலப்பச்சைப் பாசிகளில் சில நஞ்சும் சுரக்கும். இந்த ஊர்த் தண்ணீருக்கு எந்தப் பாசி, எத்தனை நாள், எப்படி அறுவடை என்று சின்னத் தொட்டிகளில் பொறுமையாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அந்தப் பொறுமைக்குத்தான் மக்கள் பணம் பொருந்தும். 2012-இல் தொடங்கிய எக்ஸ்பெரிமென்ட் என்ற அமெரிக்கத் தளம் ஆய்வுகளுக்காக மட்டுமே வசூல் செய்கிறது. குறித்த தொகை சேராவிட்டால் யாரிடமும் ஒரு காசு எடுப்பதில்லை. சேர்ந்துவிட்டால், பணம் போட்டவர்களுக்கு ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வுக்கூடக் குறிப்புகளைக் காட்டுகிறார்கள். பத்து டாலர் போட்டவரும் பார்க்கலாம்! தோற்ற சோதனையையும் கூடவே இருந்து பார்க்கிற அந்த உரிமை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

கூவம் சீரமைப்புத் திட்டம் பருத்திப்பட்டு அணைக்கட்டிலிருந்து முகத்துவாரம் வரைக்குமானது. திருவேற்காடு அந்தத் தொடக்க முனையில்தான் இருக்கிறது. நகரத்துக்குள் போகுமுன் ஆறு எப்படி இருக்கிறது என்று கணக்கெடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. இங்குள்ள கல்லூரிகளும் குடியிருப்போர் சங்கங்களும் சேர்ந்து நான்கு கண்ணாடித் தொட்டி, ஒரு ஆக்ஸிஜன் மீட்டர், சில ஃபோல்ட்ஸ்கோப் வாங்கினால் வேலையைத் தொடங்கிவிடலாம். கையுறை போட்டு, கரையில் நின்றே, வாளிக் கயிறு கட்டித் தண்ணீர் எடுங்கள். பாட்டிலில் இடம், தேதி, மணி மூன்றையும் எழுதுங்கள். பகலில் பாசி தரும் ஆக்ஸிஜன் இரவில் இறங்கிவிடும் என்பதால் விடியுமுன் ஒரு பாட்டில், மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு பாட்டில். இரண்டிலும் ஆக்ஸிஜனைக் கரையிலேயே உடனே அளந்துவிடுங்கள், பாசியை அன்றைக்கே பாருங்கள்!