லாரிக்குள் மின்கம்பி

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிகை மலைக்குக் காவடிகள் செல்லும் சாலைகளில், பாட்டு முழக்கிக்கொண்டு லாரிகள் உடன் செல்வதை நம்மிற் பலர் கண்டிருப்போம். அம்மையார்குப்பத்தினின்று புறப்பட்ட அத்தகைய சிறு லாரி ஒன்றன் பின்னே யானும் ஓராண்டு நடந்து சென்றேன். ஊரெல்லையைக் கடக்குமுன் பாட்டு நின்றது. ஓட்டுநர் அறையில் ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. ஓட்டுநர் விரைந்து பாட்டரியின் இணைப்பைக் கழற்றியமையால் தீ மூளவில்லை. ஆராய்ந்தபோது, ஆம்பிளிபையருக்கு மின்சாரம் கொணர்ந்த கம்பி, தான் நுழைந்த தகட்டுத் துளையின் விளிம்பில் உராய்ந்து, மேலுறை கிழிந்து கிடந்தது. இக்கம்பியை எங்ஙனம் அமைத்தல் வேண்டுமென்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதலாவது, கம்பியின் பருமன். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. சிறு லாரியின் பாட்டரியோ 12 வோல்ட்டே. ஆகவே 600 வாட்டு மின்சக்தியை இழுக்கும் கருவிக்கு வீட்டில் 3 ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் போதும். லாரியில் 50 ஆம்பியர் வேண்டும். போகவர 8 மீட்டர் நீளமுள்ள செப்புக்கம்பி 4 சதுர மில்லிமீட்டர் பருமனுடையதாயின், ஏறத்தாழ 1.7 வோல்ட்டு வழியிலேயே வீணாகிக் கம்பியைச் சூடாக்கும். 16 சதுர மில்லிமீட்டராயின் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவேயாம்.

இரண்டாவது, பியூஸ். இஃது ஆம்பிளிபையரைக் காப்பதற்கென எண்ணி, அதன் அருகிலேயே வைப்பார் பலர். அது பெரும்பிழை. இந்தப் பியூஸ் காப்பது கம்பியையே. லாரியின் இரும்புடல் முழுவதும் பாட்டரியின் எதிர்முனையோடு இணைந்திருத்தலால், நேர்முனைக் கம்பி எவ்விடத்தில் இரும்பைத் தொட்டாலும் பல நூறு ஆம்பியர் பாய்ந்து, கம்பி நெருப்பாய்க் காயும். பியூஸ் கம்பியின் மறுகோடியில் இருப்பின், பாட்டரிக்கும் பழுதுற்ற இடத்துக்கும் நடுவே காவல் ஏது? ஆதலின் பாட்டரியினின்று ஒன்றிரண்டு சாண் தொலைவுக்குள் அதனை அமைத்தல் வேண்டும். மேற்சொன்ன பருமனான கம்பிக்கு 60 ஆம்பியர் பியூஸ் பொருந்தும்.

மூன்றாவது, வழி. தறியில் பாவு நூல் ஒரே இடத்தில் உராய்ந்து உராய்ந்து அறுவதை அம்மையார்குப்பத்து நெசவாளர் நன்கறிவர். ஓடும் வண்டியின் அதிர்ச்சியால் கம்பிக்கும் அதே கதி நேரும். அறையின் தகட்டில் முன்னரே உள்ள துளையைப் பயன்படுத்துதல் நலம். புதிதாகத் துளையிடுவதாயின், மறுபுறத்தில் பிரேக்குக் குழாயோ வேறு கம்பியோ இல்லையெனக் கண்டபின்னரே துளைத்தல் வேண்டும். துளையின் விளிம்பை அரத்தால் மழுக்கி, துருவேறாதபடி வண்ணம் பூசி, ரப்பர் வளையம் பொருத்தி, அதனூடே கம்பியைச் செலுத்துக. புகைக்குழாய், விசிறி, மிதிகள், ஸ்டீயரிங் ஆகியவற்றுக்கு அப்பால் அதனைக் கொண்டுசென்று இடையிடையே இறுகக் கட்டுக. முன்புறம் கவிழும் அறையுடைய லாரிகளில், கவிழுமிடத்தில் சிறிது தளர்வும் விடல்வேண்டும்.

பெரிய லாரிகளைப் பற்றி ஒன்று. அவற்றுட் பல, இரண்டு பாட்டரிகள் சேர்ந்த 24 வோல்ட்டு அமைப்புடையன. அவற்றில் ஒரு பாட்டரியினின்று மட்டும் 12 வோல்ட்டு எடுத்தால், அது நாளடைவில் வறண்டு, மற்றது மிகையாக மின்னேறிக் கெடும். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கருவியை இடையே வைத்தலே முறை.

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையை முதலிற் கழற்றுக. எல்லாம் முடிந்தபின் பியூஸைக் கடைசியாக இடுக. அன்று அவ்வண்டியில் ஆம்பிளிபையர் நன்றாகவே இருந்தது, கம்பியும் பருமனானதே. இல்லாதவை ஒரு ரப்பர் வளையமும், பாட்டரியின் அருகே ஒரு பியூஸும். அவ்விரண்டும் இருந்திருப்பின், காவடிகள் பாட்டின்றி நடந்திரா. ஓட்டுநரும் தம் கையைச் சுட்டுக்கொண்டிரார்.