உறையாத ஊரில் உறைவுத் தடுப்பி எதற்கு?

தென்காசியை அடுத்த அச்சன்புதூரில் குளத்து நீரோ கிணற்று நீரோ உறைந்து எவரும் பார்த்ததில்லை. மார்கழி விடியலிலும் அங்கே கிணற்று நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆயினும் அவ்வூர் வழியே செல்லும் கார், வேன், லாரிகளின் ரேடியேட்டரில் ‘ஆன்டிஃபிரீஸ்’, அதாவது உறைவுத் தடுப்பி கலந்த நீர்மமே ஊற்றப்படுகிறது. கடைகளில் ‘கூலன்ட்’ என்று கேட்டால் தருவது இதைத்தான். வெயில் நாட்டில் இது வீண் செலவு, குழாய்த் தண்ணீரே போதும் என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதத்தில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. எந்த அளவு என்று பார்ப்போம்.

எந்திரத்தில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். எஞ்சியதில் பெரும்பகுதி சிலிண்டர்ச் சுவரைச் சூடாக்குகிறது. அதை வெளியேற்றுவதே குளிர்நீரின் வேலை. அச்சன்புதூரிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாய் ஏறும் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமையோடு அதன் எடை 16 டன் என்போம். அது 100 மீட்டர் உயரம் ஏறப் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை மட்டும் சுமார் 1 கோடியே 57 லட்சம் ஜூல். குளிர்நீருக்குப் போகும் வெப்பமும் இதே அளவு என்று கொண்டால், அது 50 லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. டீசல் எந்திரத்தில் இப்பங்கு சற்றுக் குறைவு. அப்படியும் முப்பது லிட்டருக்குக் குறையாது. இவ்வளவையும் ரேடியேட்டர் காற்றிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

ஏற்றத்தில் எந்திரம் மிகுதியாக உழைக்கிறது, வண்டியோ மெதுவாக ஊர்கிறது. வெப்பம் கூடும் வேளையில் காற்றோட்டம் குறைகிறது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஆனி, ஆடியில் சாரலோடு கணவாய் வழியே மேல்காற்று வீசும். செங்கோட்டையிலிருந்து மேற்கே ஏறும் வண்டிக்கு அது எதிர்காற்று, ஆகவே ரேடியேட்டருக்கு நல்லது. தென்மலைப் பக்கமிருந்து கிழக்கு நோக்கி ஏறும் வண்டிக்கோ அது முதுகுக் காற்று. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் வண்டிக்குப் பின்னால் அதே வேகத்தில் காற்று வந்தால், ரேடியேட்டரைப் பொறுத்தவரை காற்றே இல்லை! விசிறி ஒன்றுதான் துணை.

இனி நீரைக் கவனிப்போம். ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 4,200 ஜூல் தேவை. எளிதில் கிடைக்கும் நீர்மங்களில் இந்த அளவுக்கு வெப்பத்தை ஏந்துவது வேறில்லை. உறைவுத் தடுப்பியின் முக்கியப் பொருளாகிய எத்திலீன் கிளைக்காலைச் சரிபாதி சேர்த்தால் இத்திறன் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் நீரே மேல் என்பது உண்மைதான்.

ஆனால் வெறும் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். நீராவிக் குமிழி சூழ்ந்த இடத்தில் உலோகத்தின் வெப்பம் நீருக்குப் போய்ச் சேராது. கிளைக்கால் பாதி, நீர் பாதி கலந்த கலவை 107 டிகிரி வரை கொதிப்பதில்லை. இதைவிடப் பெரிய உதவி ரேடியேட்டர் மூடியிலிருந்து கிடைக்கிறது. அதிலுள்ள சுருள்வில், உள்ளே சுமார் ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. நம் வீட்டு பிரஷர் குக்கரின் தத்துவமே இது. இந்த அழுத்தத்தில் வெறும் நீர்கூட 120 டிகிரிக்குப் பிறகுதான் கொதிக்கும். இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எந்திரத்தின் தொடக்க வகைகளில் தனிக் கிளைக்காலையே ஓடவிட்டார்கள். பின்னர் 70 பங்கு நீரும் 30 பங்கு கிளைக்காலும் கலந்து, அழுத்தத்தில் வைத்துப் பயன்படுத்தினார்கள்.

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்பதன் காரணமும் இங்கேயே இருக்கிறது. உள்ளே 120 டிகிரியில் 8 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்ளுங்கள். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் விழுகிறது. நீர் 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். அந்த 20 டிகிரி வெப்பம் சுமார் 300 கிராம் நீரை ஆவியாக்குகிறது. அதன் கன அளவு ஏறத்தாழ 500 லிட்டர். அவ்வளவும் கொதிநீரை வாரிக்கொண்டு கையளவு வாய் வழியே, குனிந்து நிற்பவர் முகத்தை நோக்கி வரும். துணியைச் சுற்றித் திறந்தாலும் இக்கணக்கு மாறாது.

உறைவுத் தடுப்பு என்ற பெயருக்குரிய வேலை வடக்கே போனால்தான் தெரியும். நம் ஊர் லாரி காஷ்மீருக்குச் சரக்கேற்றிச் சென்று, குளிர்கால இரவில் வெறும் நீரோடு நின்றால், நீர் உறைந்து கன அளவில் 9 விழுக்காடு விரிந்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். பாதிக்குப் பாதி கலவையோ -37 டிகிரி வரை உறையாது. அப்படியானால் தனிக் கிளைக்கால் இன்னும் நல்லதா? இல்லை. அது -13 டிகிரியிலேயே உறைந்துவிடும்! இரண்டு பொருள்கள் ஒன்றன் படிக அமைப்பை மற்றொன்று கெடுப்பதால்தான் உறைநிலை இறங்குகிறது.

அச்சன்புதூர்க்காரருக்கு உண்மையில் முக்கியமானது மூன்றாவது பயன், அரிமானத் தடுப்பு. எந்திரத்தில் வார்ப்பிரும்பு, அலுமினியம், ஈயப்பற்று, சில வண்டிகளில் பித்தளையும் ஒரே நீரில் நனைந்திருக்கின்றன. வெவ்வேறு உலோகங்கள், இடையே உப்புக் கரைந்த நீர். இது மின்கலம் அல்லவா? இதில் அலுமினியம் கரைந்து பலியாகும். கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் கடின நீராயின், சூட்டில் சுண்ணாம்பு படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் காணும் அதே வெள்ளைப் படிவுதான். அது இரும்பைவிடப் பல மடங்கு மந்தமாக வெப்பத்தைக் கடத்தும். குற்றாலத்து அருவி நீர் மென்னீர்தானே என்று கேட்கலாம். மென்னீரும் துருவைத் தடுக்காது. கூலன்ட்டில் சிறிதளவே கலந்துள்ள தடுப்புப் பொருள்கள்தாம் உலோகத்தின்மேல் காப்புப் படலம் அமைக்கின்றன. அவை நாளடைவில் தீர்ந்துவிடுவதால்தான், அளவு குறையாவிட்டாலும் கூலன்ட்டை மாற்றச் சொல்கிறார்கள்.

எதை வாங்குவது? நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம். சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகள் கலந்தது ஒரு வகை. கரிம அமிலங்கள் கலந்து நெடுநாள் உழைப்பது மற்றொரு வகை. இரண்டும் சேர்ந்த கலப்பு வகையும் உண்டு. வண்டியின் கையேடு குறிப்பிடும் வகையையே வாங்க வேண்டும். இந்தியத் தர எண் ஐ.எஸ். 5759 குப்பியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வகைகளைக் கலந்தால் காப்புப் பொருள் கெடும், சில வேளை கூழாகத் திரண்டு நுண்குழாய்களை அடைக்கும். சில குப்பிகளில் இருப்பது செறிவு நீர்மம், சிலவற்றில் முன்பே நீர் கலந்தது. செறிவு நீர்மத்தில் பாட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரைத்தான் கலக்க வேண்டும்.

அளவை, எந்திரம் ஆறிய பின், துணைத்தொட்டியின் இரு கோடுகளுக்கு நடுவே பாருங்கள். அடிக்கடி குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருப்பது பயனில்லை. ரப்பர்க் குழாய், நீரேற்றி, மூடி என எங்கோ கசிகிறது. வெளியே ஈரமே இல்லாமல் குறைந்து, வெண்புகையும் வந்தால் சிலிண்டர்த் தலைக்கடியிலுள்ள கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். சூட்டுமானியை மட்டும் நம்புவதும் ஆபத்து. நீர் மிகவும் குறைந்து உணர்கருவி நீருக்கு வெளியே நின்றால், எந்திரம் கொதிக்கும்போதும் முள் இறங்கியே நிற்கலாம். மலைச்சாலையில் கொதித்துவிட்டால் ஓரமாக நிறுத்தி, அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிடுங்கள். பிறகு கிடைத்த நல்ல நீரை ஊற்றிப் பணிமனை வரை போகலாம். சூடான எந்திரத்தில் குளிர்நீரைக் கொட்டினால் உலோகம் ஒருபுறம் சுருங்கி விரிசல் விடும்.

எத்திலீன் கிளைக்கால் நச்சு. ஆனால் இனிக்கும். உடலில் அது ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சுமார் 100 மில்லிலிட்டர் ஒரு பெரியவரைக் கொல்லப் போதும், குழந்தைக்கு இன்னும் சிறிதளவே போதும். மீந்ததைச் சோடாக் குப்பியிலோ குடிநீர்க் குப்பியிலோ ஊற்றி வைக்காதீர்கள். பழையதை வாய்க்காலில் கொட்டினால் ஆடும் நாயும் சுவைத்துக் குடிக்கும். மூடியுள்ள கன்னில் பிடித்துப் பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.