ஷோனெஃபெல்டிலிருந்து மேற்கே: ஒரு கோடை மலைப்பயணத் திட்டம்

ஜெர்மனியில் குழந்தைகளோடு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மே மாதம் பிறந்ததும் ஒரு கேள்வி வந்துவிடும். இந்தக் கோடைக்கு எங்கே? ஊருக்குப் போவதென்றால் நான்கு பேருக்கு விமானச் சீட்டு வாங்கியே சேமிப்பு கரைந்துவிடுகிறது. போகாவிட்டால் ஆறு வாரம் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துச் சமாளிக்க வேண்டும். நாங்கள் குடியிருக்கும் ஷோனெஃபெல்ட், பெர்லின் நகரின் தெற்கு எல்லையை ஒட்டிய ஊர். சன்னலைத் திறந்தால் விமானம் தெரியும், மலை தெரியாது. சுற்றிலும் பல கிலோமீட்டருக்குத் தட்டையான மணல் நிலமும் பைன் மரங்களும்தான். ஆகவே சென்ற ஆண்டு மலைக்குப் போவது என்று முடிவு செய்தோம். அந்தத் திட்டத்தைப் போட்டபோது கற்றுக்கொண்டவற்றை, இனிப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

எப்போது?

ஜெர்மனியில் கோடை விடுமுறை நாடு முழுவதற்கும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் தேதி வேறு. ஆண்டுக்கு ஆண்டும் மாறும். பெர்லினுக்கும் பிராண்டன்பர்க்குக்கும் பெரும்பாலும் ஒரே தேதிகள், ஆறு வாரம். பவேரியாவில் மட்டும் எப்போதும் கடைசியாக, ஏறக்குறைய ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. எனவே ஆல்ப்ஸ் பக்கம் போக விரும்புகிற பெர்லின்காரர்கள், பவேரியப் பள்ளிகள் மூடும் முன்பே போய்வந்துவிட்டால் கூட்டமும் வாடகையும் சற்றுக் குறைவாக இருக்கும்.

'இரண்டு நாள் முன்னதாகக் கிளம்பினால் என்ன' என்று நம்மவர்களுக்குத் தோன்றும். இங்கே பள்ளிக்கு வருவது சட்டக் கடமை. பள்ளியின் அனுமதியில்லாமல் பிள்ளையை நிறுத்தினால் பெற்றோருக்கு அபராதம் உண்டு. அதை முயல வேண்டாம்.

எந்த மலை?

ஜெர்மனியில் 16 தேசியப் பூங்காக்கள் உள்ளன. அவற்றில் மலை சார்ந்தவை என்று பார்த்தால் எங்கள் பட்டியலில் மூன்று மிஞ்சின.

முதலாவது பெர்க்டெஸ்காடன். 1978-ல் அமைக்கப்பட்டது, ஜெர்மனியில் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஒரே தேசியப் பூங்கா இதுதான். 2713 மீட்டர் உயரமுள்ள வாட்ஸ்மன் சிகரமும், அதன் காலடியில் கோனிக்ஸே ஏரியும் அங்கே இருக்கின்றன. அந்த ஏரியில் 1909 முதல் மின்சாரப் படகுகள்தாம் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. கொடுங்கோல் மன்னன் ஒருவன் மனைவி மக்களோடு கல்லாய்ச் சமைந்ததே அந்தச் சிகரங்கள் என்றொரு கதையும் உண்டு. அழகில் இதற்கு ஈடில்லை. ஆனால் ஷோனெஃபெல்டிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ஒரு வாரமாவது தங்காமல் போய்வருவது வீண்.

இரண்டாவது, தெற்கே செக் எல்லையில் உள்ள சாக்சன் சுவிட்சர்லாந்து. எல்பே ஆற்றுக்கு மேலே மணற்பாறைத் தூண்கள்; அவற்றை இணைக்கும் பாஸ்டை கற்பாலம் 1851-ல் கட்டப்பட்டது. ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம்தான் என்பதால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஏற்கெனவே இருமுறை போயிருந்தோம்.

மூன்றாவது, மேற்கே 230 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹார்ஸ் மலை. அதன் சிகரம் ப்ரோக்கன், உயரம் 1141 மீட்டர். நம் கணக்கில் இது சிறு குன்றுதான். ஏற்காடே இதைவிட உயரம். ஆனால் அட்சரேகை 51-ஐத் தாண்டிய இடம் அல்லவா? உச்சியில் மரங்கள் வளர்வதில்லை. ஆண்டில் 300 நாட்கள் போல மூடுபனி. கோடையிலும் குளிர்க் காற்று.

மனைவிக்கு ஆல்ப்ஸ் ஆசை. மகளோ இணையத்தில் ஹார்ஸின் படங்களைப் பார்த்துவிட்டு, "அப்பா, எல்லா மரமும் செத்துப்போயிருக்கே. செத்த காட்டைப் பார்க்கவா போறோம்?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தேடியபோதுதான் ஹார்ஸ் எனக்கு உண்மையில் அறிமுகமானது.

புத்தகம் அச்சடிக்கும் வண்டு

ஹார்ஸ் பல நூற்றாண்டுகள் சுரங்கப் பூமி. வெள்ளி, ஈயம், செம்பு எடுத்தார்கள். சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் உலையில் எரிக்கவும் காடுகளை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் விரைவாக வளரும் ஸ்ப்ரூஸ் எனும் ஊசியிலை மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். இயற்கையில் அம்மரம் மலையின் மேற்பகுதிக்கு மட்டுமே உரியது. கீழே இருந்திருக்க வேண்டியவை பீச் போன்ற அகன்ற இலை மரங்கள். நீலகிரியில் புல்வெளிகளிலும் சோலைகளிலும் யூகலிப்டஸையும் சீகை மரத்தையும் நட்ட கதை நமக்குத் தெரிந்ததே. ஏறக்குறைய அதே கதைதான்.

2018-ல் தொடங்கிய கடும் வறட்சி இந்தக் காட்டின் பலவீனத்தைக் காட்டிவிட்டது. பட்டைக்கு அடியில் வாழும் அரை சென்டிமீட்டர் வண்டு ஒன்று மரத்தைத் துளைக்கும்போது, மரம் பிசின் சுரந்து அதை அடைத்துவிடும். பிசின் சுரக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாத மரங்கள் வண்டுக்கு இரையாயின. சில ஆண்டுகளில் ஹார்ஸின் ஸ்ப்ரூஸ் மரங்களில் பெரும்பகுதி பட்டுப்போனது. அந்த வண்டுக்கு ஜெர்மன் மொழியில் பெயர் என்ன தெரியுமா? 'புத்தகம் அச்சடிப்பவன்'. தாய்வண்டு ஒரு நெடிய பாதையைக் குடைய, புழுக்கள் அதன் இருபுறமும் கிளைவரிகளைக் குடைகின்றன. பட்டையை உரித்துப் பார்த்தால் அச்சிட்ட பக்கம் போலவே இருக்கும்.

பூங்கா நிர்வாகம் மையப் பகுதியில் பட்ட மரங்களை அகற்றுவதில்லை. இயற்கையை இயற்கையாக விடுவது என்பதே ஜெர்மன் தேசியப் பூங்காக்களின் கொள்கை. சாம்பல் நிறத் தண்டுகளுக்கு நடுவே பிர்ச்சும் பீச்சும் இளம் ஸ்ப்ரூஸும் முளைத்து வருகின்றன. 2000-ல் தொடங்கி மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட லிங்க்ஸ் காட்டுப்பூனைகளும் இங்கே பெருகியுள்ளன. மகளிடம், "செத்த காட்டை அல்ல, பிறக்கிற காட்டைப் பார்க்கப் போகிறோம்" என்றேன். அவள் முழுதாக நம்பவில்லை. ஆனால் வர ஒப்புக்கொண்டாள்.

மூடிக்கிடந்த மலை

இலக்கிய வாசகர்களுக்கு ப்ரோக்கன் புதிதல்ல. கதே 1777 டிசம்பர் 10 அன்று, பனிக்காலத்தில், இதில் ஏறினார். 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் சூனியக்காரிகள் கூடும் இரவு நடப்பது இம்மலையில்தான். ஹைன்ரிக் ஹைன 1824-ல் மாணவராக இருந்தபோது கோட்டிங்கனிலிருந்து நடந்தே வந்து, 1826-ல் 'ஹார்ஸ் பயணம்' என்ற நூலை வெளியிட்டார். அவர் பெயரால் இல்சென்பர்கிலிருந்து உச்சிக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. கதேயின் பெயரால் டோர்ஃப்ஹவுஸிலிருந்து இன்னொன்று, சுமார் 8 கிலோமீட்டர்.

இப்படி எல்லோரும் ஏறிய மலை, 1961-ல் மூடப்பட்டது. இரு ஜெர்மனிகளின் எல்லை ஹார்ஸை இரண்டாகப் பிளந்தது. கிழக்குப் பக்கம் இருந்த உச்சியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, ஒட்டுக்கேட்கும் நிலையங்களை அமைத்தார்கள். கிழக்கின் சாதாரண மக்களுக்கும் அனுமதியில்லை. பெர்லின் சுவர் திறந்து சில வாரங்களுக்குப் பின், 1989 டிசம்பர் 3 அன்று, நடந்து வந்து வாசலில் கூடிய மக்களின் வற்புறுத்தலால்தான் கதவு திறந்தது. கிழக்குப் பகுதி 1990-லும் மேற்குப் பகுதி 1994-லும் தேசியப் பூங்காக்களாகி, 2006-ல் ஒன்றாக இணைந்தன.

இதை எங்கள் அடுக்ககத்தில் வசிக்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரிடம் ஒரு மாலையில் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுபதை நெருங்குபவர். அமைதியாகக் கேட்டுவிட்டு, "தம்பி, அந்த மலையை நான் அந்த நாளிலேயே பார்த்தனான். ஏற விடேல்லை" என்றார்.

அவர் 1984-ல் கொழும்பிலிருந்து மாஸ்கோ வழியாக வந்து இறங்கிய இடம் இதே ஷோனெஃபெல்ட். அப்போது இது கிழக்கு ஜெர்மனியின் விமான நிலையம். விசா இல்லாமலே வந்திறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸ ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் போய்விடலாம். நகரின் நடுவே ஓடிய கோட்டை ஓர் அரசியல் எல்லையாக மேற்கு ஏற்றுக்கொள்ளாததால் அங்கே கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. 1983 கலவரத்துக்குப் பின் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் இவ்வழியே வந்தார்கள். 1985-ல் மேற்கு ஜெர்மனியோடு பேசி முடித்தபின், விசா இல்லாத தமிழருக்கு அந்த வழியைக் கிழக்கு ஜெர்மனி அடைத்தது.

ஐயாவை ஹார்ஸின் மேற்கு அடிவாரத்தில் ஓர் ஊருக்கு அனுப்பினார்கள். அகதி விண்ணப்பதாரர்கள் தமக்குரிய பகுதியைவிட்டு அனுமதியின்றி வெளியேறக் கூடாது என்பது 1982 முதல் சட்டம். "எல்லைக்கு இந்தப் பக்கம் நிண்டு பார்த்தால் மலை முழுசாத் தெரியும். எங்களுக்கும் போக ஏலாது, அந்தப் பக்கத்துச் சனத்துக்கும் ஏலாது. அது ஒரு ஆறுதல்" என்று சிரித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கதவு திறந்திருக்கிறது. வேலை, பிள்ளைகளின் படிப்பு, பிறகு முழங்கால் வலி என்று போகவே இல்லை. அன்றே எங்கள் திட்டத்தில் ஐந்தாவது ஆளாக அவர் சேர்ந்தார். ஆல்ப்ஸ் பேச்சும் அத்தோடு முடிந்தது.

போவதும் தங்குவதும்

நடக்க முடியாதவர்களுக்கு ப்ரோக்கனில் ஒரு வரம் உண்டு: உச்சிவரை நீராவி ரயில். 1899-ல் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் பாதை. எல்லைக் காலத்தில் உச்சிக்குப் பயணிகளை ஏற்றாமல் இருந்து, 1991-ல் மீண்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைரயில் ஏறியதும் அதே 1899-ல்தான், அதுவும் மீட்டர்கேஜ்தான். ஒரே வேறுபாடு, நம் ரயில் பல்சக்கரத்தால் ஏறுகிறது. இது வெறும் தண்டவாளத்திலேயே வளைந்து வளைந்து ஏறுகிறது. கட்டணம் மலிவல்ல. காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாட்களில் டீசல் எஞ்சின் மாட்டப்படுவதும் உண்டு. 2022-லும் 2024-லும் ப்ரோக்கன் அருகே பெருந்தீ பிடித்ததால் அந்த எச்சரிக்கை.

ஷோனெஃபெல்டிலிருந்து மக்டெபர்க், ஹால்பர்ஷ்டாட் வழியாக வெர்னிகெரோட ஊருக்கு வட்டார ரயில்களில் போகலாம். மாறும் நேரங்களையும் சேர்த்து நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி பிறகு விலையேறிய மாதச் சீட்டு வட்டார ரயில்களில் செல்லும். ஐசிஇ விரைவு ரயில்களில் செல்லாது. ஆறு வயதுக்குக் கீழே இலவசம். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தனிச்சீட்டு வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தங்குவதற்கு ஓட்டலைவிடச் சமையலறையோடு கூடிய விடுமுறை வீடு நமக்கு ஏற்றது. குறிப்பாகச் சைவ உணவுக்காரர்களுக்கு மலையூர் உணவகங்களில் உருளைக்கிழங்கைத் தவிர அதிகம் கிடைப்பதில்லை. ஒரு குக்கர், அரிசி, பருப்பு, இட்லிப்பொடி, ஊறுகாய் இருந்தால் போதும். முதல் நாளுக்குப் புளிச்சாதம் கட்டிக்கொண்டோம். தங்கும் ஊருக்கென்று ஆளுக்கு ஒரு சிறு வரி வாங்குவார்கள். பல ஊர்களில் அதற்குப் பதிலாகத் தரும் விருந்தினர் அட்டையைக் காட்டி உள்ளூர்ப் பேருந்தில் இலவசமாகப் போகலாம். கேட்டு வாங்குங்கள்.

மேலும் சில குறிப்புகள். ஆகஸ்டிலும் காற்றைத் தடுக்கும் மழைச்சட்டையும் ஒரு கம்பளி உடையும் வேண்டும். நடைபாதையைவிட்டு விலகக் கூடாது. தீ மூட்டவோ கூடாரமடிக்கவோ கூடாது. பலத்த காற்று வீசும் நாளில் பட்ட மரங்கள் முறிந்து விழும். அன்று காட்டுக்குள் போகவே வேண்டாம். புல்லில் உண்ணிகள் உண்டு. மாலையில் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதோரம் பார்த்துவிடுங்கள். ஆபத்துக்கு அழைக்க 112.

மிக முக்கியமானது: உச்சிக்கென்று ஒரே நாளை ஒதுக்காதீர்கள். மூன்று நாள் தங்கி, காலையில் வானிலை பார்த்து முடிவு செய்யுங்கள். நாங்கள் இரண்டே நாள் வைத்திருந்தோம். முதல் நாள் மழை. இரண்டாம் நாள் வேறு வழியில்லாமல் ரயிலேறினோம். வழியெங்கும் சாம்பல் நிறத் தண்டுகள். அவற்றின் காலடியில் இடுப்பளவு பச்சை. மகள் சன்னலைவிட்டு நகரவில்லை. உச்சியில் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி.

ஐயா குடையை ஊன்றிக்கொண்டு அந்த வெண்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப தூர நிண்டு பார்த்தால் வடிவாத் தெரியும், வர ஏலாது. இப்ப வந்தாச்சு, ஒண்டும் தெரியேல்லை" என்றார். ஏமாற்றமா என்று கேட்டேன். "இல்லைத் தம்பி. வந்த பாதை தெரியுதுதானே" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குச் சூடான சாக்லேட் வாங்கக் கடையைத் தேடிப் போனார்.

வரும் கோடைக்கு அவர் ஏற்கெனவே நாள் குறித்துவிட்டார். இம்முறை மூன்று நாள்.