மாடியை அளக்கும் முன் பில்லைப் பாருங்கள்

வீட்டுக்கு சோலார் போட நினைப்பவர்கள் முதலில் மொட்டை மாடியின் சதுர அடியைச் சொல்கிறார்கள். நான் கேட்பது கரண்ட் பில்லை. ஒரு வருடத்தின் ஆறு பில்களும் வேண்டும்.

காரணம், தமிழ்நாட்டின் கட்டணப் படிக்கட்டு. இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். அதன் பிறகு படிக்குப் படி விலை ஏறும். 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படி யூனிட்டுக்கும் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2022-இல் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 ஆனால் 2,030. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதன் பின் கட்டணம் கொஞ்சம் உயர்ந்தது, படிக்கட்டு மாறவில்லை.

நெட் மீட்டர் வைத்த வீட்டில், மாடி கொடுத்த யூனிட்டைக் கழித்து மிச்சத்துக்குத்தான் பில். அப்படிக் கழியும்போது விலை அதிகமான உச்சிப்படி யூனிட்தான் முதலில் போகிறது. 800 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். அதே 2022 கட்டணத்தில் பில் 4,550 ரூபாய். நம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240 யூனிட் தரும். ஒரு கிலோவாட் போட்டால் பில் 2,430-க்கு இறங்கும். இரண்டு போட்டால் 765. மூன்று போட்டால் ஒன்றுமில்லை (சோலாருக்கென்று வாங்கும் இதர கட்டணங்களை இங்கே சேர்க்கவில்லை). முதல் கிலோவாட் 2,120 ரூபாயை மிச்சப்படுத்துகிறது, மூன்றாவது வெறும் 765-ஐ.

மானியமும் இப்படித்தான் இறங்குகிறது. 2024-இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மொத்தம் 78,000தான். 200 யூனிட்டுக்குள் குடித்தனம் நடத்தும் வீட்டைக் கடன் வாங்கி சோலார் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

கணக்கு ஒத்துவந்தால் மாடிக்குப் போகலாம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி தேவை, அதுவும் நிழல் விழாத இடமாக. பேனலில் சிலிக்கான் செல்களை மாலைபோல வரிசையாகக் கோத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் பாய வேண்டும். ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அந்தச் சரம் முழுவதும் திணறும். அதைச் சுற்றி மின்சாரத்தைத் திருப்பிவிட பேனலுக்குள் டயோடுகள் உண்டு. ஆனாலும் ஒரு தென்னங்கீற்றின் நிழல் பேனலின் மூன்றில் ஒரு பங்கை முடக்கிவிடும்.

கத்திரி வெயிலில் மின்சாரம் கொட்டும் என்றும் நம்ப வேண்டாம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. செல்லின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம்வரை உற்பத்தி குறையும். பேனலுக்கு அடியில் காற்றோட்டம் விடச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று: பேட்டரி இல்லாத அமைப்பு, ஊரில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் மீது நம் மாடியின் மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

நிழலைப் பார்க்க நல்ல மாதம் மார்கழி. சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்து வீட்டுச் சுவரும் மாடியில் நீளமாக நிழல் போடும். காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் ஏறி, நிழல் எட்டும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள்.