கருகல் ஊர் ஊராய்ப் போன கதை
(உருளைக்கிழங்கு நோயும் அதன் மரபணுவும்)

ஆக்கம்: ஒன்பதாம் வகுப்பு மாணவி



நம்ம ஊர்ல கிழங்குத் தோட்டம் வச்சிருக்கிற எல்லார் வீட்டுலயும் "கருகல்" என்ற வார்த்தை தெரியும். மூணு நாள் மூடுபனியும் தூறலும் சேர்ந்தா பெரியவங்க முகமே மாறிடும். இலை ஓரத்துல தண்ணி ஊறினது மாதிரி ஒரு புள்ளி வரும். அது பழுப்பாகி, கருப்பாகும். காலையில இலையைத் திருப்பிப் பார்த்தா அடியில வெள்ளைப் பூசணம் இருக்கும். பத்து நாளுக்குள்ள தோட்டம் முழுக்கச் சுட்ட மாதிரி ஆகி நாறிப் போகும்.

போன வருஷம் எங்க சித்தப்பா தோட்டத்துல இப்படித்தான் ஆச்சு. கடையில கொடுத்த மருந்தை அடிச்சார். நிக்கலை. "இன்னும் கொஞ்சம் கூட்டி அடிங்க"ன்னு சொன்னாங்க. கடன் வாங்கி அதே மருந்தைத் திரும்ப அடிச்சார். அப்பவும் நிக்கலை. "மருந்து போலியா கண்ணு, இல்ல நான்தான் சரியா அடிக்கலையா?"ன்னு என்கிட்டக் கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. அதைத் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

நோய்க்குக் காரணம் யார்?

இந்த நோய்க்குப் பின்பருவக் கருகல் என்று பெயர். இதை உண்டாக்கும் நுண்ணுயிரியின் பெயர் பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ். கிரேக்க மொழியில் பைட்டோப்தோரா என்றால் "செடியை அழிப்பது" என்று பொருள். 1876-ல் ஆன்டன் டி பாரி என்ற ஜெர்மன் அறிஞர் இந்தப் பெயரை வைத்தார். பார்க்கப் பூஞ்சை மாதிரியே இருப்பதால் எல்லாரும் பூஞ்சை நோய் என்றே சொல்கிறோம். ஆனால் இது உண்மையான பூஞ்சை இல்லை. பாசிகளுக்குக் கொஞ்சம் நெருங்கிய சொந்தம்.

இதன் வித்துகள் காற்றிலும் மழைத்துளியிலும் பறக்கும். குளிரும் ஈரமும் இருந்தால் ஒரு வித்து உடைந்து பல குட்டி வித்துகள் வெளியே வரும். இவற்றுக்கு வால் போல இரண்டு கசையிழைகள் உண்டு. இலை மேல் உள்ள தண்ணீரில் நீந்திப் போய் இலைக்குள் நுழையும். நாலைந்து நாளில் அந்த இலையிலிருந்து மறுபடி ஆயிரக்கணக்கான வித்துகள் கிளம்பிவிடும். மூடுபனியைக் கண்டு பெரியவங்க ஏன் பயப்படறாங்கன்னு இப்ப புரியுதா?

அயர்லாந்தில் நடந்தது

1845-ஆம் ஆண்டு. அயர்லாந்து நாட்டு ஏழைகளுக்கு மூணு வேளையும் உருளைக்கிழங்குதான் சாப்பாடு. அவர்கள் பெரும்பாலும் "லம்பர்" என்ற ஒரே ரகத்தையே நட்டார்கள். அந்த வருடம் ஐரோப்பாவுக்குள் கருகல் வந்தது. அயர்லாந்தில் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அடுத்த வருடம் இன்னும் மோசம். பசியாலும், பசியோடு வந்த காய்ச்சலாலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் 10 லட்சத்துக்கும் மேல் கப்பலேறி வேறு நாடுகளுக்குப் போனார்கள். 1841-ல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-ல் சுமார் 65 லட்சமாகக் குறைந்தது.

அந்தப் பஞ்ச காலத்திலும் அயர்லாந்தில் விளைந்த தானியம் கப்பலில் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. வாடகை கட்ட முடியாத குடும்பங்களை நிலத்தை விட்டு விரட்டினார்கள். கிழங்கை அழித்தது நோய். ஆனால் அத்தனை பேர் செத்ததற்கு நோய் மட்டும் காரணம் இல்லை.

முருங்கைக் கொம்பும் நகலும்

ஒரு ரகத்தை மட்டும் நட்டால் என்ன தப்பு? முருங்கைக் கொம்பை வெட்டி நட்டால் அதே மரம் வருகிறது அல்லவா? விதைக்கிழங்கும் அப்படித்தான். கண் உள்ள கிழங்கை நட்டால் தாய்ச் செடியின் நகல்தான் முளைக்கும். இதைக் குளோன் என்பார்கள். லம்பர் தோட்டம் முழுக்க ஒரே செடியின் நகல்கள். ஒரே பூட்டைப் போட்ட ஆயிரம் வீடு மாதிரி. ஒரு சாவி கிடைத்தால் எல்லா வீடும் திறந்துவிடும்.

நோய்க்கிருமியும் பெரும்பாலும் நகலெடுத்தே பெருகுகிறது. ஆனால் அதற்கு இன்னொரு வழியும் உண்டு. அதில் ஏ1, ஏ2 என்று இரண்டு வகை இருக்கிறது. இது ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. ஆனால் ஏ1-ம் ஏ2-ம் ஒரே செடியில் சந்தித்தால் கலந்து, தடித்த ஓடு உள்ள வித்து உண்டாகும். அந்த வித்து செடி இல்லாவிட்டாலும் மண்ணில் சில வருடம் உயிரோடு கிடக்கும். முளைக்கும்போது அப்பா அம்மா இருவரின் மரபணுவும் கலந்த புது வகையாக வரும். சீட்டுக்கட்டைக் குலுக்கிப் போடுகிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் புதுச் சேர்க்கை.

ஏ2 வெளியே வந்த கதை

மெக்சிகோ நாட்டின் டொலூக்கா பள்ளத்தாக்கில் ஏ1, ஏ2 இரண்டும் இயற்கையாகவே இருக்கின்றன. அங்கே வயலுக்கு வயல் வேறு வேறு வகைகள் காணப்படும். அதனால் நோயின் பிறந்த ஊர் மெக்சிகோ என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். உருளைக்கிழங்கின் தாய்வீடான தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைதான் என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். இந்த வாதம் இன்னும் முடியவில்லை.

மெக்சிகோவுக்கு வெளியே பல காலம் ஏ1 மட்டுமே பரவி இருந்தது. 1976-ல் ஐரோப்பாவில் கடும் வறட்சி. அப்போது மெக்சிகோவிலிருந்து கிழங்கு இறக்குமதி செய்தார்கள். அதோடு புது வகைகளும் வந்துவிட்டன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1984-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அங்கே ஏ2 இருப்பதை அறிவித்தார்கள். பிறகு பல நாடுகளிலும் கண்டுபிடித்தார்கள். காற்று ஒரு வயலிலிருந்து பக்கத்து வயலுக்குத்தான் கொண்டு போனது. கடலைத் தாண்டிக் கொண்டு போனது மனிதர்களின் மூட்டைதான்!

+++++++++++++++++++++++++
உங்களுக்குத் தெரியுமா?
நாம அறிவியல் நோட்டுல இலை ஒட்டுறோமே, அதே மாதிரி 1845 முதல் சேர்த்து வைத்த நோய்பட்ட இலைகள் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திலும் ஜெர்மனியின் மியூனிக்கிலும் பத்திரமாக இருந்தன. 2013-ல் அந்தக் காய்ந்த இலைகளில் இருந்தே நோய்க்கிருமியின் டி.என்.ஏ.வை எடுத்துப் படித்தார்கள். பஞ்சத்தை உண்டாக்கியது யூ.எஸ்.-1 என்ற வகை என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். அது இல்லை, அதன் நெருங்கிய உறவான வேறொரு வகை என்று தெரிந்தது. அதற்கு ஹெர்ப்-1 என்று பெயர் வைத்தார்கள். 160 வருடத்துக்கு மேல் காய்ந்து கிடந்த இலை சாட்சி சொல்லிவிட்டது!
+++++++++++++++++++++++++

வகையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எல்லா வகையும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் டி.என்.ஏ.வைப் பார்க்கிறார்கள். டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே எழுத்துக்கள் திரும்பத் திரும்ப வரும். பாசிமணி மாலையில் சிவப்பு மணி தொடர்ந்து வருவது போல. ஒரு வகையில் 8 தடவை, இன்னொன்றில் 11 தடவை. இப்படிப் பல இடங்களில் எண்ணிப் பார்த்தால் அதுவே அந்த வகையின் கைரேகை.

ஐரோப்பாவில் விவசாயிகள் நோய்பட்ட இலையை ஒரு சிறப்பு அட்டையில் அழுத்தித் தபாலில் அனுப்புகிறார்கள். எந்த ஊரில் எந்த வகை என்று வரைபடம் போடுகிறார்கள். இதுதான் இனத்தொகை மரபியல். ஒரு கிருமியை மட்டும் பார்க்காமல், ஒரு ஊரில் உள்ள கிருமிக் கூட்டம் முழுவதையும் கணக்கெடுப்பது. நம்ம வீட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருவாங்களே, அது மாதிரி.

நீலம் 13

2004-ல் நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் ஒரு புது ஏ2 வகையைப் பார்த்தார்கள். அதற்கு 13_ஏ2 என்று எண். "நீலம் 13" என்பது செல்லப் பெயர். 2005-ல் பிரிட்டனில் காணப்பட்டது. சில வருடங்களிலேயே அங்கே எடுத்த மாதிரிகளில் முக்கால் பங்குக்கு மேல் இதுவே ஆகிவிட்டது. காரணம், இது இலையை வேகமாகத் தாக்கும். அது மட்டும் இல்லை, மெட்டலாக்சில் என்ற மருந்துக்கு இது கட்டுப்படாது.

மெட்டலாக்சில் செடிக்குள் ஊடுருவி வேலை செய்யும் மருந்து. 1970-களின் கடைசியில் வந்தது. 1980-லேயே அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் அதற்கு அடங்காத கிருமிகள் வந்துவிட்டன. மருந்து அடித்தால் அடங்குகிற கிருமி சாகும். அடங்காத ஒன்றிரண்டு பிழைக்கும். அடுத்த வாரம் அந்த ஒன்றிரண்டின் நகல்தான் தோட்டம் முழுக்க இருக்கும். அதே மருந்தைக் கூட்டி அடித்தால் அடங்காததற்கு நாமே இடம் காலி செய்து கொடுத்த மாதிரி.

இந்த நீலம் 13 நம் நாட்டுக்கும் வந்தது. 2009 முதல் தென்னிந்தியாவில் தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் கடுமையாகப் பரவிய கருகலுக்கு இதுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. 2013–14-ல் மேற்கு வங்காளத்தில் பெரும் நாசம் செய்ததும் இதுவே.

நீலகிரிக்கு நோய் புதுசு இல்லை. இந்தியாவிலேயே முதன்முதலில் 1870-க்கும் 1880-க்கும் நடுவில் இங்கேதான் பார்த்ததாகப் பதிவு இருக்கிறது. 1968-ல் வெளிவந்த குஃப்ரி ஜோதி ரகம் முதலில் கருகலைத் தாங்கியது. பிறகு கிருமி மாறிக்கொண்டது. பூட்டை மாற்றினோம். அது சாவியை மாற்றிவிட்டது.

நாம் என்ன செய்யலாம்?

1. அழுகின கிழங்கை வரப்பு ஓரத்தில் கொட்டக் கூடாது. அடுத்த போகத்துக்கு நோய் அங்கிருந்துதான் கிளம்பும். ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கணும்.
2. விதைக்கிழங்கு நல்லதாக இருக்கணும். மலிவாகக் கிடைக்குதேன்னு எங்கிருந்தோ வந்த மூட்டையை வாங்கக் கூடாது.
3. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது. நோய் வருவதற்கு முன்னாடியே இலை மேல் பூச்சாக நிற்கும் மருந்து வேணும். எதை எப்போ என்று தோட்டக்கலை அலுவலரிடம் கேட்கணும்.
4. தக்காளியும் கிழங்கும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். இரண்டுக்கும் ஒரே நோய்தான்.

சித்தப்பாவிடம் இதை எல்லாம் சொன்னேன். "மருந்து போலியாகவும் இருக்கலாம். ஆனா மருந்து நல்லதா இருந்து கிருமி மாறியிருந்தாலும் இப்படித்தான் ஆகும் சித்தப்பா. நீங்க அடிச்ச விதம் மட்டும் காரணம்னு நினைக்காதீங்க"ன்னேன். நம்ம தோட்டத்துல வந்தது எந்த வகைன்னு யாரும் சோதிக்கலை. அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "இந்த வருஷம் முதல் புள்ளி விழுந்ததும் இலையைப் பறிச்சு ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன். நீயும் கூட வந்து இதையெல்லாம் கேளு"ன்னார்.

நானும் போகப் போறேன். உங்க வீட்டுத் தோட்டத்துல புள்ளி விழுந்தாலும் சொல்லுங்க, சேர்ந்து போகலாம்.

சிந்திக்க:
1. ஏ1 மட்டும் இருக்கும் ஊருக்கு ஏ2 வந்தால் என்ன ஆபத்து?
2. ஒரு கொல்லையில் ஒரே ரகத்தை நடுவது ஏன் ஆபத்து?
(விடையை ஒரு தாளில் எழுதி இந்தப் பலகைக்குக் கீழே செருகவும். சரியான விடைகள் அடுத்த இதழில்.)