ஜூனியரில் மெடல் மேல மெடல்... சீனியருக்கு எப்போ போகலாம்?

சாயங்காலம் அஞ்சரை மணிக்கு மேல மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு பக்கம் போனா இந்தக் காட்சியைப் பார்க்காம இருக்க முடியாது. ஸ்கூட்டி பின்சீட்டில் ஒரு பொடிசு, தலையில் ஹெல்மெட், அம்மாவோட காலடியில் பெரிய ஸ்கேட்டிங் பை. கிளாஸுக்குப் போற அவசரம்!

இந்தப் பிள்ளைகளில் பலர் ரெண்டு வருஷத்தில் நிறுத்திடுவாங்க. சிலர் மட்டும் விடாம ஓட்டி மாவட்டம், மாநிலம்னு மெடல் வாங்க ஆரம்பிப்பாங்க. 14, 15 வயசு ஆகும்போது வீட்டில் அந்தப் பேச்சு வரும். "இவ வயசுல இவளை அடிச்சிக்க ஆளே இல்லை. சீனியர்ல இறக்கிடலாமா?"

நீங்க அந்த ஸ்கேட்டரா இருக்கலாம். இல்லை, தினமும் தங்கச்சியை கிளாஸில் விட்டுக் கூட்டிட்டு வர்ற அண்ணனா, அக்காவா இருக்கலாம். 'இப்பவே போகலாமா, இன்னும் ரெண்டு வருஷம் பொறுக்கலாமா'ங்கிற முடிவு சாதாரணமானது இல்லை. தப்பான நேரத்தில் எடுத்தா, முட்டி வலியோட 17 வயசிலேயே ஷூவைப் பரண் மேல போட வேண்டிவரும்.

இந்தக் கேள்வியை உலகத்தில் அதிகமா அலசி ஆராய்ஞ்ச விளையாட்டு, ஐஸ் மேல ஆடுற ஃபிகர் ஸ்கேட்டிங். நம்ம ஊர் சக்கர ஸ்கேட்டிங்குக்கும் அதில் நிறைய பாடம் இருக்கு.

15 வயசு, 17 ஆன கதை

ஃபிகர் ஸ்கேட்டிங்கை நடத்துற சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன், 2022 ஜூனில் தாய்லாந்தின் புக்கெட் நகரத்தில் கூடி ஒரு முடிவு எடுத்தது. சீனியர் சர்வதேசப் போட்டிகளில் ஆட குறைந்தபட்ச வயது 15-லிருந்து 17. ஆதரவு 100 ஓட்டு, எதிர்ப்பு 16. ஒரே அடியா ஏத்தாம, 2023-24 சீசனில் 16, 2024-25 சீசனிலிருந்து 17-னு படிப்படியா கொண்டுவந்தாங்க.

சீசன் தொடங்குற ஜூலை 1-க்குள் 17 வயசு முடிஞ்சிருக்கணும். தனிநபர் பிரிவில் 19 ஆகிற வரைக்கும் ஜூனியரிலும் ஆடலாம். அதாவது 17, 18 வயசுக்காரங்களுக்கு ரெண்டு கதவும் திறந்திருக்கும்.

ஏன் இந்த மாற்றம்? இதுபத்தின பேச்சு ரொம்ப நாளாவே இருந்தது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நடந்தது அதைப் பெரிய விவாதமாக்கிடுச்சு. ரஷ்யாவின் கமிலா வலியேவாவுக்கு அப்போ 15 வயசு. தங்கம் அவருக்குத்தான்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆனா, முந்தின டிசம்பரில் எடுத்த சாம்பிளில் தடைசெய்யப்பட்ட இதய மருந்து இருந்தது தெரியவந்தது, அதுவும் ஒலிம்பிக் நடந்துகிட்டிருக்கும்போதே. மொத்த உலகமும் பார்க்க, கடைசிச் சுற்றில் திரும்பத் திரும்ப விழுந்து நாலாவது இடத்துக்குப் போனார். 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அவருக்கு நாலு வருஷத் தடை விதித்தது.

சீனியர் களம்னா எதிராளி பெரியவங்கங்கிறது மட்டும் இல்லை. மீடியா, பணம், நாட்டோட எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்து வரும். 15 வயசுத் தோள் அதைத் தாங்குமாங்கிறதுதான் கேள்வி.

மெடல் எந்த உடம்புக்குக் கிடைச்சது?

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் காத்தில் எழும்பி மூணு, நாலு சுத்து சுத்தணும். மெலிஞ்ச, குறுகலான உடம்பு வேகமா சுத்தும். அதனால 13, 14 வயசுப் பொண்ணுங்களுக்கு இந்த ஜம்ப் எல்லாம் சீக்கிரம் கைவரும். அப்புறம் உயரம் கூடும், இடுப்பு அகலமாகும், எடை பரவுற விதம் மாறும். நேத்து வரைக்கும் வந்த ஜம்ப் இன்னைக்கு வராது. அவ சோம்பேறி ஆகலை, உடம்புதான் புதுசாயிடுச்சு.

நம்ம ஊர்ல அதிகம் பேர் ஓட்டுற ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் கதை அப்படியே உல்டா. அங்கே சீக்கிரம் வளர்ந்த பிள்ளைக்குத்தான் லாபம். 14 வயசிலேயே மீசை முளைச்ச பையன், இன்னும் குழந்தை முகத்தோட நிக்கிற அதே வயசுப் பையனைச் சுலபமா முந்திடுவான். ரெண்டு வருஷம் கழிச்சு அந்தக் குட்டிப் பையனும் வளர்ந்துட்டா கணக்கு மாறிடும்.

வயசுக் கணக்குத் தேதியும் இதில் விளையாடும். ஒரே பிரிவில் ஓடுற ரெண்டு பேருக்கு நடுவில் ரெண்டு, மூணு வயசு வித்தியாசம்கூட இருக்கலாம். அந்த வயசில் அது மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

ஆக, ஜூனியர் மெடல் பொய் சொல்றதில்லை. ஆனா, அது இன்னைக்கு இருக்கிற உடம்புக்குக் கிடைச்சது. சீனியர் போட்டி, நாளைக்கு வரப்போற உடம்புக்கு. அந்தப் பெரிய மாற்றம் முடிஞ்சு, புது உடம்பிலும் பழைய திறமை நிலைச்சு நிக்கும்போதுதான் மேலே போகச் சரியான நேரம்.

ரெண்டு மாவோ, ஒரு அலிசா

ஜப்பானின் மாவோ அசாடா 2005 டிசம்பரில், 15 வயசில், பெரிய பெரிய சீனியர்களை ஜெயிச்சு கிராண்ட் ப்ரீ ஃபைனல் பட்டம் வாங்கினார். ஆனா, ரெண்டே மாசத்தில் வந்த 2006 டுரின் ஒலிம்பிக்குக்குப் போக முடியலை. ஒலிம்பிக் வயது வரம்புக்கு 87 நாள் குறைஞ்சது! அதோட அவர் கதை முடிஞ்சதா? 2008, 2010, 2014-னு மூணு தடவை உலக சாம்பியன். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் வெள்ளி.

அவர் பேரையே வெச்சு வளர்ந்த இன்னொரு பொண்ணு மாவோ ஷிமாடா, 2008 அக்டோபரில் பிறந்தவர். 2023, 2024, 2025-னு தொடர்ந்து மூணு வருஷம் ஜூனியர் உலக சாம்பியன். புது வயது விதியால 2026 ஒலிம்பிக் கதவு அவருக்கும் மூடிடுச்சு. ஆனா, அவர் சும்மா இருக்கலை. சர்வதேச அளவில் ஜூனியராகவே ஆடினார், உள்நாட்டில் ஜப்பான் சீனியர் தேசியப் போட்டியில் இறங்கி மெடலும் வாங்கினார். முழுசா தாவாம, ஒரு காலை மட்டும் எடுத்து வெச்சுப் பார்க்கிற இந்த வழியை மனசில் குறிச்சுக்கங்க.

அமெரிக்காவின் அலிசா லியு வேற மாதிரி. 2019-ல் 13 வயசிலேயே அமெரிக்க சீனியர் தேசிய சாம்பியன். 2022-ல் ஒலிம்பிக் ஆடி, உலகப் போட்டியில் வெண்கலமும் வாங்கி, 16 வயசில் 'போதும்'னு ஓய்வை அறிவிச்சுட்டார். ரெண்டு வருஷம் ஸ்கேட்டிங் பக்கமே இல்லை. அப்புறம் தானா திரும்பி வந்து, 2025-ல் 19 வயசில் உலக சாம்பியன் ஆனார். இந்தத் தடவை வந்தது அவரோட சொந்த முடிவு.

நம்ம சென்னைப் பையன் கணக்கு

சென்னையில் ஒலிம்பிக் அளவு ஐஸ் ரிங்க் கிடையாது. 2011-ல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கட்டினாங்க, அது இங்கிருந்து ரொம்ப தூரம். நமக்குச் சக்கரம்தான். அதிலும் ஒரு அருமையான உதாரணம் இருக்கு: ஆனந்த்குமார் வேல்குமார்.

2021 நவம்பரில் கொலம்பியாவின் இபாகே நகரத்தில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில், ஜூனியர் 15 கிலோமீட்டர் எலிமினேஷன் ரேஸில் வெள்ளி. உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் இந்தியாவுக்கு அதுதான் முதல் மெடல். அப்போ அவருக்கு 18 வயசு.

அடுத்த வருஷமே சீனியரில் தங்கமா? இல்லை. 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் ரிலே அணியில் வெண்கலம். அதே நாளில் பெண்கள் ரிலே அணியும் வெண்கலம் வாங்கினது, அதில் நம்ம தமிழ்நாட்டின் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும் இருந்தாங்க. 2025 ஆகஸ்டில் செங்டுவில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் 1,000 மீட்டரில் வெண்கலம். அதே செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹேவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 500 மீட்டரில் வெண்கலம், 1,000 மீட்டரில் தங்கம், 42 கிலோமீட்டர் மாரத்தானில் தங்கம். வயசு 22.

உலக ஜூனியர் வெள்ளியிலிருந்து சீனியர் தங்கம் வரைக்கும் ஏறக்குறைய நாலு வருஷம். நாட்டிலேயே சிறந்த ஸ்கேட்டருக்கே அவ்வளவு நாள் ஆச்சுன்னா, நம்ம வீட்டுப் பிள்ளைக்கு ஆறு மாசத்தில் ரிசல்ட் கேக்கிறது நியாயமே இல்லை.

அதே பெய்தைஹேவில் ஜூனியர் 1,000 மீட்டர் தங்கத்தை வாங்கினதும் ஒரு இந்தியர்தான், க்ரிஷ் சர்மா. அடுத்து 'சீனியர் எப்போ'ங்கிற கேள்வி அவர் முன்னாடியும் நிக்கும்.

முடிவெடுக்கும் முன்னாடி பார்க்க வேண்டிய ஆறு விஷயம்

1. உயரம்: மூணு மாசத்துக்கு ஒருமுறை சுவரில் பென்சிலால் கோடு போடுங்க. பெண் பிள்ளைகள் சுமார் 12 வயசிலும், பையன்கள் சுமார் 14 வயசிலும் கிடுகிடுனு வளர்வாங்க. ஆளுக்கு ஆள் இது மாறும். கோடு வேகமா ஏறிட்டு இருக்கிற நேரத்தில் பயிற்சியையும் போட்டியையும் சேர்த்து ஏத்தாதீங்க.

2. வலி: முட்டிச் சில்லுக்குக் கீழேயும், குதிகாலிலும் விடாத வலி இருந்தா 'வளர்ற வயசு, சரியாயிடும்'னு விடாதீங்க. எலும்பு வளர்ற இடங்கள் இந்த வயசில் மென்மையா இருக்கும். எலும்பு டாக்டரையோ, ஸ்போர்ட்ஸ் பிசியோவையோ பாருங்க.

3. சாப்பாடும் பீரியட்ஸும்: 'எடை குறைஞ்சா வேகம் வரும்'னு யாராவது சொன்னா உஷார். செலவாகிற சக்திக்கு ஏத்த சாப்பாடு இல்லைன்னா எலும்பு பலவீனமாகும், ஹார்மோன் குழம்பும். மூணு மாசம் பீரியட்ஸ் வராம நின்னாலோ, 15 வயசாகியும் வரலைன்னாலோ டாக்டர்கிட்ட போயே ஆகணும். 'ஸ்கேட்டர்னா அப்படித்தான்'ங்கிறது தப்பு.

4. நிலைத்தன்மை: அவளோட பெஸ்ட் டைமிங்கைப் பார்க்காதீங்க. தூக்கம் சரியில்லாத நாள், தெரியாத ஊர், புது ட்ராக்... அங்கே என்ன டைமிங்? அதுதான் உண்மையான லெவல்.

5. தோல்வி: ஜூனியரில் முதல் இடம் பழகினவங்க, சீனியரில் முதல் வருஷம் இருபதாவது இடத்தில்கூட வரலாம். அப்படி வந்துட்டு மறுநாள் காலையில் தானா எழுந்து ஷூ மாட்டுவாளா?

6. காலண்டர்: இந்திய ரோலர் ஸ்கேட்டிங்கில் வயசுப் பிரிவோட வரம்பைத் தாண்டினா பெரியவங்க பிரிவுதான். நம்ம ஊர்ல அது சரியா ப்ளஸ் டூ, கவுன்சலிங், ஸ்போர்ட்ஸ் கோட்டானு எல்லாம் ஒண்ணா வர்ற நேரம். அதனால 15 வயசிலேயே உட்கார்ந்து பேசி ரெண்டு வருஷத் திட்டம் போட்டுடுங்க. வயசுப் பிரிவு விதி மாறிக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு சீசனும் புது சுற்றறிக்கையைக் கோச்கிட்ட கேட்டு வாங்கிப் படிங்க.

ரொம்பத் தள்ளிப் போட்டாலும் தப்பு

இதையெல்லாம் படிச்சுட்டு 'பயமா இருக்கு, ஜூனியரிலேயே இருக்கட்டும்'னு நினைச்சா அதுவும் சரியில்லை. போட்டியே இல்லாத இடத்தில் ஜெயிச்சுட்டே இருந்தா கத்துக்கிறது நின்னுடும். சும்மா ஓட்டினாலே மெடல்னா, யார்தான் கஷ்டப்பட்டு புது டெக்னிக் பழகுவாங்க?

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் வயசுச் சான்றிதழில் கை வைப்பாங்க. வேண்டவே வேண்டாம். மணிக்கட்டு எக்ஸ்ரே வரைக்கும் எடுத்துப் பார்க்கிற காலம் இது. மாட்டினா தடை வரும். மாட்டலைன்னாலும், உண்மையிலேயே அந்த வயசில் இருக்கிற இன்னொரு பிள்ளையோட இடத்தைப் பறிச்சதா ஆகும்.

நடுவில் ஒரு வழி இருக்கு. ஷிமாடா செஞ்சதுதான். விதி அனுமதிக்கிற இடத்தில் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு உள்ளூர் ஓப்பன் ரேஸில் பெரியவங்களோட ஓடிப் பார்க்கலாம், வாரத்தில் ஒருநாள் சீனியர் பேட்ச்சோட பயிற்சி எடுக்கலாம். மெடல் கணக்கு வேண்டாம். எத்தனை லேப் வரைக்கும் கூட்டத்தோட ஒட்டி ஓட முடிஞ்சது, எந்த இடத்தில் பின்தங்கினோம்ங்கிறதை மட்டும் எழுதி வைங்க. ஆறு மாசம் கழிச்சு அந்த நோட்டே பாதி பதிலைச் சொல்லிடும்.

மீதி பாதி அவகிட்ட இருக்கு. கோச்சும் அப்பாவும் அம்மாவும் பேசி முடிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு தடவை அவளைத் தனியா உட்கார வெச்சு, "உனக்குப் போகணுமா?"னு கேளுங்க. "தெரியலை"னு சொன்னா அதையும் ஒரு பதிலா எடுத்துக்கங்க. அடுத்த சீசனில் மறுபடியும் கேக்கலாம்.