சூடு மட்டும் போதாது

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் லார்டெரெல்லோ என்றொரு ஊர். அங்கே நிலத்தடி நீராவி சீறிக்கொண்டு வெளிவரும். 1904இல் இளவரசர் பியரோ ஜினோரி கோன்ட்டி அந்த ஆவியைக் கொண்டு எந்திரம் ஓட்டி ஐந்து மின்விளக்குகளை எரியவைத்தார். புவிவெப்ப மின்சாரம் பிறந்தது அப்படித்தான். 1913இல் அதே ஊரில் 250 கிலோவாட் மின்நிலையம் எழுந்தது.

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். இதுதான் புவிவெப்பச் சரிவு. எரிமலைப் பகுதிகளில் இதைவிட மிக அதிகம். தோண்டினால் எங்கும் சூடான பாறை உண்டு என்றாலும், அந்தச் சூட்டை மேலே சுமந்துவரத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் நடமாடப் பாறையில் விரிசல்கள் வேண்டும். அந்தத் தன்மைக்கு ஊடுருவவிடும் திறன் என்று பெயர். இவை கூடி, மேலே நீர் புகாத மூடுபாறையும் அமைந்த இடமே புவிவெப்ப நீர்த்தேக்கம். ஏரி எதுவும் அங்கே இல்லை, பாறை இடுக்குகளில் நிறைந்த வெந்நீர்தான்.

ஈரமில்லாத ஆவியே கிடைத்தால் நேராக டர்பைனுக்கு அனுப்பலாம். அது உலர்நீராவி முறை; அந்த அதிர்ஷ்டம் சில இடங்களுக்கே உண்டு. பெரும்பாலும் அழுத்தத்தில் அடைபட்ட வெந்நீர்தான் வரும். அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால் ஒரு பகுதி ஆவியாகும். இந்த பிளாஷ் முறையில் நியூசிலாந்தின் வைராகெய் 1958இல் மின்சாரம் தரத் தொடங்கியது. நீரின் சூடு குறைவென்றால், குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஐசோபியூட்டேன் போன்ற வேறொரு திரவத்தை அதனால் ஆவியாக்குவார்கள். அது இருசுழற்சி முறை.

எடுத்ததற்கு ஈடாக நீரை மீண்டும் நிலத்துக்குள் செலுத்துவது மீள்செலுத்தல். அதன் அருமை கலிபோர்னியாவின் 'தி கீசர்ஸ்' புவிவெப்ப வயலில் புரிந்தது. (பெயர்தான் அப்படி, உண்மையான வெந்நீர் ஊற்றுப்பீச்சி ஒன்றுகூட அங்கே கிடையாது.) 1960 முதல் ஆவியை எடுத்துக்கொண்டே போனார்கள். 1980களின் இறுதியில் அழுத்தம் வேகமாகச் சரிந்தது. பாறையில் சூடு அப்படியே இருந்தது, வற்றியது தண்ணீர். பிறகு அக்கம்பக்க ஊர்களின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே கொண்டுவந்து நிலத்துக்குள் செலுத்தினார்கள். 2003 முதல் சான்டா ரோசா நகரின் நீரும் வருகிறது. ஊர்க் கழிவுநீருக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

விரிசலே இல்லாத பாறையில் நீரை அழுத்திச் செலுத்தி விரிசல் உண்டாக்குவது மேம்படுத்திய புவிவெப்ப அமைப்பு. இதில்தான் ஆபத்து. சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கடியில் 2006 டிசம்பரில் அப்படிச் செய்தபோது 3.4 அளவுக்கு நில அதிர்வு ஏற்பட்டது. பணி உடனே நின்றது; 2009இல் திட்டமே கைவிடப்பட்டது.